அப்பா அம்மாவோடு ஒருநாள் நாரோபோட்: எடுக்கலாமா, எவ்வளவு தூரம் போகலாம்?

பர்மிங்ஹாமில் இருக்கிறீர்கள், ஜூனில் மதுரையிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், ஐந்து வயதில் மகள் இருக்கிறாள். இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் நீளமான ஒல்லிப் படகான நாரோபோட்டை ஒருநாள் வாடகைக்கு எடுக்கலாமா, எவ்வளவு தூரம் போகலாம், ஆலப்புழை ஹவுஸ்போட் மாதிரி இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு முட்டிவலி, அப்பாவுக்குச் சும்மா உட்கார்ந்தால் ஆகாது, யாருக்கும் நீச்சல் தெரியாது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். நடுவில் போகிறபோக்கில் ‘மணிக்கு 4 மைல்தானாம்’ என்று ஒரு வரி வருகிறது. நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். நடக்கிற வேகத்தில் போகும் படகில் ஒரு குடும்பம் காலையிலிருந்து சாயங்காலம்வரை என்னதான் செய்யும்? படகே ஓட்டிப் பழகாத நம்மால் அதைச் சமாளிக்க முடியுமா?

நான் யார் என்று சொல்லிவிட்டால் எதை எவ்வளவு நம்பலாம் என்பது உங்களுக்குத் தெரியும். நடுஇங்கிலாந்தின் மிட்லாண்ட்ஸ் பக்கத்துக் கால்வாய்களில் பல வருடங்களாகப் படகு ஓட்டுகிறேன். கோடையில் லாக்குகளில், அதாவது படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கதவு வைத்த தொட்டிகளில், தன்னார்வலராக நின்று, வருகிற படகுகளை ஏற்றி இறக்கிவிடுகிறேன். அதனால் வாடகைப் படகில் வரும் புதியவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்க்கிறேன். ஆற்றில் ஓட்டுவது எனக்குப் பழக்கமில்லை. தேம்ஸ், செவர்ன் மாதிரி ஓடுகிற நீரைப் பற்றி நினைத்தால் வேறொருவரைக் கேளுங்கள். இங்கே சொல்வதெல்லாம் கால்வாய்க்கு மட்டும்.

ஆலப்புழைக் கேள்விக்குப் பதில், இல்லை. அங்கே படகோட்டியும் சமையல்காரரும் படகோடு வருவார்கள், நீங்கள் காலை நீட்டி உட்கார்ந்து கரிமீன் சாப்பிடலாம். இங்கே படகை உங்கள் கையில் கொடுத்துவிட்டு வாடகை நிறுவனத்துக்காரர் கரையில் நின்று டாட்டா காட்டிவிடுவார். இங்கிலாந்துக் கால்வாயில் வாடகை நாரோபோட்டை ஓட்ட ஓட்டுநர் உரிமம் எதுவும் தேவையில்லை. படகுக்கு உரிமம் உண்டு, அதை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். கிளம்பும் முன் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் பயிற்சி கொடுப்பார்கள், கொஞ்ச தூரம் கூடவே வந்து பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். கார் ஓட்டத் தெரியாதவர்கள்கூட மத்தியானத்துக்குள் நேராக ஓட்டிவிடுகிறார்கள்.

சலிக்குமா என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. நாரோபோட் நாள் என்பது மெதுவாகச் செய்கிற வேலை. ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் முன்னால் பார்த்துச் சொல்ல வேண்டும், கயிறு பிடிக்க ஒருவர், டீ போட ஒருவர். வேலை கிடைத்தவருக்கு நேரம் போவதே தெரியாது. வேலை கிடைக்காமல் உள்ளே உட்காரவைக்கப்பட்டவர்தான் பதினோரு மணிக்கு ‘இன்னும் எவ்வளவு தூரம்?’ என்று கேட்பார். ஆகவே உங்கள் அப்பாவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அம்மாவை மரியாதைக்காக ஓரமாக உட்கார வைத்துவிடாதீர்கள், அவருக்கும் ஏதாவது வேலை கொடுங்கள்.

ஓட்டுவது எப்படி என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் ஒரு மணி நேரம் இதில்தான் போகும். பின்பக்கம் நின்று டில்லர் என்கிற நீளமான சுக்கான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறீர்கள். கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலப்பக்கம் திரும்பும். தள்ளியதும் ஒன்றும் நடக்காது. இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் முப்பது நாற்பது அடி தள்ளி இருக்கும் மூக்கு நகரத் தொடங்கும். அந்த இடைவெளியில் புதியவர்கள் பயந்துபோய் இன்னும் தள்ளுவார்கள். படகு அளவுக்கு மீறித் திரும்பும், உடனே எதிர்ப்பக்கம் இழுப்பார்கள், இப்படிக் கரைக்குக் கரை பாம்பு மாதிரி போகும். கொஞ்சம் தள்ளு, பொறு, பார். இவ்வளவுதான் பாடம். படகு தன் நடுப்பகுதியை மையமாக வைத்துத் திரும்பும், அதனால் மூக்கு வலப்பக்கம் போனால் பின்பக்கம் இடப்பக்கம் ஒதுங்கும். பாலத்துக்கு அடியில் நுழையும்போது மூக்கு தப்பித்துவிட்டதே என்று திருப்பிவிட்டால் பின்பக்கம் கல்லில் உரசும்.

இன்னொன்று, புரொப்பெல்லர் தள்ளுகிற தண்ணீர் சுக்கானில் பட்டால்தான் படகு நன்றாகத் திரும்பும். எஞ்சினை நியூட்ரலில் போட்டால் ஏறக்குறையத் திரும்பாது, ரிவர்ஸில் அது தன் இஷ்டத்துக்குப் போகும். பிரேக் என்று ஒன்று கிடையாது. ரிவர்ஸ்தான் பிரேக். அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே மெதுவாகச் செய்ய வேண்டும். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும், இந்த நாட்டுச் சாலை விதிக்கு நேர் எதிர். மற்ற நேரமெல்லாம் நடுவிலேயே போங்கள், ஆழம் அங்கேதான்.

வேகத்துக்கு வருவோம். பெரும்பாலான கால்வாய்களில் 4 மைல் என்பது உச்ச வரம்பு. கரையோரம் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது எஞ்சினைக் கிட்டத்தட்ட மூச்சுவிடும் அளவுக்குக் குறைத்துவிட வேண்டும். நீங்கள் வேகமாகப் போனால் உங்கள் படகு இழுக்கும் தண்ணீர் அவர்கள் படகையும் இழுத்து, அதைக் கட்ட மண்ணில் அடித்த முளையைப் பிடுங்கிவிடும். உள்ளே ஒருவர் கொதிக்கிற சாஸ்பேனோடு நிற்கலாம். ஜன்னலிலிருந்து வரும் வசவு நியாயமானதுதான். ஆழம் குறைந்த குறுகலான கால்வாயில் ஆக்ஸிலேட்டரைக் கூட்டுவதால் பெரிய பலனும் இல்லை. பின்பக்கம் தாழ்ந்து அடிமண்ணைத் தேடும், பின்னால் அலை எழுந்து கரையை அரிக்கும், டீசல் போகும், படகு மட்டும் அப்படியே போகும். பின்னால் திரும்பிப் பார்க்கும்போது கரையில் அலை உடைந்துகொண்டு வந்தால் நீங்கள் அதிக வேகம், குறையுங்கள்.

ஆக எல்லாம் சேர்த்து மணிக்கு 3 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே படகுக்காரர்கள் போடும் கணக்கு ஒன்று உண்டு. மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் வருவது மணி. 5 மைலும் 7 லாக்கும் என்றால் 4 மணி நேரம். காலை ஒன்பது ஒன்பதரைக்குப் போய் ஐந்து மணிக்குள் படகைத் திருப்பித் தரவேண்டும் என்றால், பயிற்சி, சாப்பாடு, அங்கே இங்கே நிற்பது போக ஓட்டுவதற்குக் கிடைப்பது ஐந்து மணி நேரம். போக இரண்டரை, வர இரண்டரை. லாக்கே இல்லாத கால்வாயில் ஏழு மைல் போய்த் திரும்பலாம் என்று கணக்கு சொல்லும். நான் ஐந்துக்கு மேல் போகச் சொல்லமாட்டேன். படகின் நீளம் பல இடங்களில் கால்வாயின் அகலத்தைவிட அதிகம், நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. திரும்புவதற்கென்று கரையைக் குடைந்து அகலப்படுத்திய இடங்கள் உண்டு. வரைபடத்தில் அது எத்தனையாவது பாலத்துக்குப் பக்கத்தில் என்று கிளம்பும் முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாலத்திலும் எண் எழுதியிருக்கும், பாலத்தை எண்ணுகிற வேலையை மகளிடம் ஒப்படைத்துவிடலாம்.

எந்தக் கால்வாய் என்பதில் உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. முதலாவது லங்கோத்லன் கால்வாய், வேல்ஸின் ட்ரெவரிலிருந்து. உங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். படகு எடுத்த கொஞ்ச நேரத்திலேயே பொன்ட்கசல்த்தே தொட்டிப்பாலம் வந்துவிடும். தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸப்பும் கட்டி 1805இல் திறந்தது. டீ ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேல் 38 மீட்டர் உயரத்தில், கல்தூண்களின் மேல் ஒரு வார்ப்பிரும்புத் தொட்டி, 307 மீட்டர் நீளம். அந்தத் தொட்டிக்குள் உங்கள் படகு மிதந்து போகிறது. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பி வேலியும் இருக்கும். மறுபக்கம் ஒன்றுமே இல்லை, தொட்டியின் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்குச் சில அங்குலம் மேலே நிற்கும், அவ்வளவுதான். அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தால் நேரே கீழே மரங்களின் தலையும் ஆறும். 2009இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஓட்டுவதற்குச் சிரமமே இல்லை, தொட்டியே படகை நேராகக் கொண்டுபோய்விடும். உயரத்துக்குப் பயப்படுகிறவர்களை உள்ளே உட்காரச் சொல்லுங்கள், மகளை நடைபாதைப் பக்கமாகக் கையைப் பிடித்து உட்கார வையுங்கள்.

அதைத் தாண்டி சிர்க் என்ற ஊர்ப்பக்கம் போனால் மலைச்சரிவை ஒட்டி மரநிழலில் போகும் கால்வாய், இரண்டு சுரங்கம், அப்புறம் 1801இல் முடிந்த சிர்க் தொட்டிப்பாலம். அதன் பக்கத்திலேயே அதைவிட உயரமாக ரயில் பாலம் ஓடும். தொட்டிப்பாலத்தின் ஒரு முனை வேல்ஸ், மறுமுனை இங்கிலாந்து. ஐந்து மைலுக்குள் இவ்வளவும் வந்துவிடும், லாக் ஒன்றுகூட இல்லை. சுரங்கங்களில் ஒரு படகுக்குத்தான் இடம். உள்ளே எதிரே விளக்கு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு நுழையுங்கள், உங்கள் விளக்கையும் போடுங்கள். சிர்க் சுரங்கம் 420 மீட்டர் நீளம், மேலேயிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும், குழந்தைகளுக்கு அது ஒரு குஷி.

இங்கே ஒரு விஷயம் மட்டும் மற்றக் கால்வாய்களைப் போல இல்லை, புதியவர்கள் நேரத்தில் ஏமாறுவதும் இதனால்தான். லங்கோத்லன் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது. டீ ஆற்றிலிருந்து எடுக்கும் நீர் இந்தக் கால்வாய் வழியாக ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குக் குடிநீருக்காகப் போகிறது. 1944இல் படகுப் போக்குவரத்துக்கான கால்வாய் என்ற நிலையிலிருந்து சட்டப்படி இதைக் கைவிட்டும் தூர்ந்துபோகாமல் தப்பியது இந்தக் குடிநீரால்தான். சிர்க் போகும்போது நீரோடு போவீர்கள். திரும்பும்போது எதிர்நீர். குறுகலான சுரங்கத்திலும் தொட்டியிலும் அது நன்றாகவே தெரியும், எஞ்சின் முனகும், சுவர் மட்டும் மெதுவாக நகரும். இரண்டு மணி நேரத்தில் போனோம், இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். குறைந்தது அரை மணி கூட வையுங்கள்.

இரண்டாவது ஆஷ்பி கால்வாய், உங்களுக்குப் பக்கம். 22 மைலுக்கு லாக்கே கிடையாது. வயலும் வேலியும் கொக்கும்தான் காட்சி. மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் 1485இல் கொல்லப்பட்ட பாஸ்வொர்த் போர்க்களப் பகுதியை ஒட்டிப் போகிறது, சரித்திரம் பிடிக்கும் என்றால் இறங்கி நடந்து பார்க்கலாம். ஆழம் குறைவு, மெதுவாகத்தான் போகும். கூட்டமில்லாத இடத்தில் நிம்மதியாக ஓட்டிப் பழக இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை.

மூன்றாவது எனக்குப் பிடித்தது, நேப்டன் கிராமத்துப் பக்கத்து தெற்கு ஆக்ஸ்ஃபர்டு கால்வாய். 1790இல் ஆக்ஸ்ஃபர்டு நகரத்தை எட்டியது. கால்வாய்ப் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி காலத்து முறைப்படி, குன்று வந்தால் குடையாமல், பள்ளம் வந்தால் தூர்க்காமல், ஒரே மட்டத்தில் வளைந்து வளைந்து போகும். வடக்குப் பகுதியை 1830களில் நேராக்கிச் சுமார் 14 மைல் குறைத்துவிட்டார்கள், தெற்கில் அந்தப் பணத்தைச் செலவழிக்கவில்லை, வளைவுகள் அப்படியே இருக்கின்றன. நேப்டன் குன்றின் மேல் ஒரு காற்றாலை தெரியும். அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் அது வேறொரு பக்கத்திலிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும், அப்பாவுக்குச் சந்தேகமே வந்துவிடும், நாம் நகர்கிறோமா என்று. லாக்குகளுக்குப் பக்கத்து வயலில் எருமைகள் மேய்வதைப் பார்த்திருக்கிறேன். ஆமாம், நம்மூர் மாதிரி எருமையேதான். மதுரைக்காரருக்கு இங்கிலாந்தில் அதைக் காட்டும் சந்தோஷம் தனி. ஆனால் இங்கே மேலே ஏற 9 லாக் இருக்கிறது, ஒருநாள் படகுக்கு அது அதிகம்.

என் ஓட்டு: வாரநாளில் போக முடிந்தால் ட்ரெவர். இவ்வளவு தூரம் வந்தவர்கள் ஊருக்குத் திரும்பிப்போய்ச் சொல்ல ஒரு கதை வேண்டும். சனி ஞாயிறுதான் முடியும் என்றால் ஆஷ்பி. கோடை வார இறுதியில் தொட்டிப்பாலத்தில் எதிர்ப்படகுக்குக் காத்திருப்பதிலேயே நேரம் போய்விடும். நேப்டனுக்கு அப்பாவை மட்டும் கூட்டிக்கொண்டு கரையில் நடக்க வாருங்கள், லாக் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம், கை கொடுக்க ஆசைப்பட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

லாக் உள்ள பாதையை எடுத்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். லாக் என்பது இரண்டு முனையிலும் கதவு வைத்த கல்தொட்டி. ஏறும்போது கீழ்க்கதவு வழியாக நுழைந்து, கதவைச் சாத்தி, மேல்பக்கத்து பேடில் என்கிற சிறு மதகுகளைக் கைப்பிடி போட்டுச் சுற்றித் திறக்கிறீர்கள். முதலில் பாதிதான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் படகு முன்னும் பின்னும் அலைக்கழியும். தண்ணீர் இரண்டு பக்கமும் சமமாகும்வரை நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் கதவு அசையாது. சமமான நிமிடம், நீண்ட உத்தரத்தில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்தால் உங்கள் அம்மாவாலேயே திறக்க முடியும். நான் நிற்கும் லாக்கில் பாட்டிமார்கள் இதைச் செய்துவிட்டுச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு படகு ஏறவோ இறங்கவோ செலவாகும் தண்ணீர் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர், சென்னையில் ஓடும் தண்ணீர் லாரியில் பத்து லாரி. எதிரே படகு வருகிறதா என்று பார்த்து, நிரம்பிய லாக்கை அவருக்கு விட்டுக்கொடுப்பது அதனால்தான் இங்கே மரியாதை.

லாக்கில் இரண்டு விஷயத்தில் விளையாட்டு கூடாது. இறங்கும்போது மேல்கதவுக்குக் கீழே ஒரு கல்படி நீட்டிக்கொண்டிருக்கும், சில் என்பார்கள். அதன் எல்லையைச் சுவரில் வெள்ளைக்கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். படகின் பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். தண்ணீர் வடியும்போது பின்பக்கம் படியில் மாட்டினால் மூக்கு கீழே சாய்ந்து, சில நிமிடங்களில் படகு மூழ்கிவிடும். எது வித்தியாசமாகத் தெரிந்தாலும் தண்ணீரை விடும் பேடிலை உடனே இறக்குங்கள், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். மற்றது அந்தக் கைப்பிடி. சுற்றி முடித்ததும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டுப்பல் நழுவினால் அது பம்பரமாகச் சுழன்று பறக்கும். கைப்பிடி வைத்திருப்பவர் கையில் போன் இருக்கக் கூடாது. நான் கரையிலிருந்து கத்துவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

நீச்சல் பயத்துக்கு வருகிறேன். கால்வாயின் ஆழம் பெரும்பாலான இடங்களில் இடுப்பளவு, அடியில் சேறு. விழுந்தவர் பெரியவர் என்றால் எழுந்து நின்றாலே தலை வெளியே இருக்கும். ஓட்டுகிறவர் செய்ய வேண்டிய முதல் காரியம் எஞ்சினை நியூட்ரலில் போடுவது, ஏனென்றால் ஆபத்து புரொப்பெல்லரில்தான். பதற்றத்தில் ரிவர்ஸ் போட்டு அவரை நோக்கி வரவே கூடாது. லாக்குக்கு இந்த இடுப்பளவுக் கணக்கு பொருந்தாது, அங்கே ஆழம் அதிகம். மகளுக்கு மிதவை அங்கியை நாள் முழுக்கக் கழற்றாதீர்கள், பெரியவர்களும் வெளியே நிற்கும்போது போட்டுக்கொள்ளட்டும், முன்பதிவின்போதே அளவு சொல்லிக் கேளுங்கள். தண்ணீரில் பட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது, எலிக்காய்ச்சல் வர வழியுண்டு. படகு எதிலாவது இடிக்கப் போனால் கையையோ காலையோ கொடுத்துத் தடுக்க வேண்டாம். பல டன் இரும்பு அது. இடிக்கட்டும், அதற்காகத்தான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

அம்மா விஷயம். நாரோபோட்டின் அகலம் 7 அடிக்குள். பிரிண்ட்லி 1760களில் ட்ரென்ட்–மெர்சி கால்வாய்க்கு லாக்கை 7 அடி அகலத்தில் வைத்ததால், நடுஇங்கிலாந்தின் படகுகள் எல்லாம் இன்றும் அந்த ஒல்லி உடம்போடு இருக்கின்றன. உள்ளே ஒருவர் நிற்க மற்றவர் ஒதுங்கித்தான் கடக்க வேண்டும். இறங்கும் படிகள் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும், முட்டிவலிக்கு அதுதான் கஷ்டம். பின்பக்கம் பெரிய தளம் உள்ள படகா, முன்பக்கத்தில் படியிறங்காமல் உட்கார இடம் உண்டா, கழிப்பறை உள்ளே எங்கே என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். சேலை கட்டிக்கொண்டு படகில் உட்காரலாம், தாராளமாக. லாக் கதவுப் பக்கம் போவதென்றால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும், பல்சக்கரத்தில் துணி மாட்டும். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ. படகிலிருந்து யாரும் குதிக்கக் கூடாது, கரையோடு ஒட்டிய பிறகு காலெடுத்து வைத்து இறங்க வேண்டும்.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய்விடுங்கள். கால்வாயோரப் பப்களின் படம் அழகாக இருக்கும், ஆனால் கிராமத்துப் பப்பில் வாரநாள் மத்தியானச் சமையல் இரண்டு இரண்டரைக்கு முடிந்துவிடுவது சகஜம், நீங்கள் முளை அடித்து முடித்து வரும்போது சிப்ஸ் மட்டும் இருக்கும். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் படகுக்கென்றே பிறந்தவை. பெரும்பாலான ஒருநாள் படகுகளில் டீ போட அடுப்பும் கெட்டிலும் உண்டு. நிறுத்தும் இடத்தில் கரை இரும்புத் தகடாக இருந்தால் அதற்கான கொக்கி தருவார்கள், மண்கரை என்றால் முளை. கயிறு கட்டுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் முளையின் தலை சாய்ந்திருக்க வேண்டும், கயிறு நடைபாதைக்குக் குறுக்கே போகக் கூடாது. முளையின் மேல் வெள்ளைப் பை ஒன்றைக் கட்டிவிட்டால் சைக்கிளில் வருகிறவர் தடுக்கி விழமாட்டார்.

இன்றைக்கு நாம் காசு கொடுத்து வாங்கும் இந்த மெதுவான நாளுக்குப் பின்னால் ஒரு முரண் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இதே படகில் நிலக்கரி ஏற்றியவர்கள் பத்தடி நீளப் பின்னறையில் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். கூலி சரக்குக்குத்தான், நேரத்துக்கு அல்ல. அதனால் ஒவ்வொரு லாக்கிலும் ஓட்டம்தான், குழந்தைகள் முன்னால் ஓடி அடுத்த லாக்கைத் தயார் செய்ய வேண்டும், பள்ளிக்கூடம் அபூர்வம். 1962–63 குளிரில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்துபோனபோது, ஏற்கெனவே நலிந்திருந்த அந்தத் தொழிலுக்குக் கிட்டத்தட்ட முடிவு வந்துவிட்டது. படகில் ரோஜாவும் கோட்டையும் வரைந்த வாளியைப் பார்த்தால் மகளுக்குக் காட்டுங்கள், அந்தக் குடும்பங்கள் விட்டுப்போன அலங்காரம் அது.

இதுவரை சொன்னதில் பெரும்பாலும் உறுதியானவை. உறுதியில்லாதவை என்றால் மழையும் கூட்டமும். ஜூனில் பகல் நீளம், ஆனால் ஓட்டுகிறவர் நாள் முழுக்க வெளியே நிற்கிறார், மழைக்கோட்டும் ஒரு ஸ்வெட்டரும் கட்டாயம், வெயில் அடித்தாலும்கூட. மழை என்பதற்காக வாடகையைத் திருப்பித் தரமாட்டார்கள். வாடகை படகுக்குத்தான், ஆளுக்கு அல்ல, வாரநாளில் குறைவு. எனவே இன்னொரு குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், பத்துப் பன்னிரண்டு பேருக்கு அனுமதி இருந்தாலும் உள்ளே நிற்க இடம் இருக்காது. வறட்சிக் காலத்திலும் பழுது வந்தாலும் சில பகுதிகளை மூடிவிடுவார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் பெரும்பகுதியை 2012 முதல் நிர்வகிக்கும் கெனால் அண்டு ரிவர் டிரஸ்ட்டின் இணையதளத்தில் மூடல் அறிவிப்புகள் வரும். பணம் கட்டும் முன் ஒருமுறை, கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவு ஒருமுறை பார்த்துவிடுங்கள். பகுதி மூடினால் பணம் திரும்ப வருமா, வேறு தேதி தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், போனில் சொன்னது போதாது.